15 ஸ்டட்டுக்குள் ஒரு முன் ஆக்ஸில்

லெகோ டெக்னிக்கில், அதாவது கியரும் தண்டும் உள்ள லெகோ பொம்மைத் துண்டுகளில், வண்டி கட்டுகிறவர்களுக்கு எஞ்சின் பெரிய விஷயமே இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். கியர்பாக்ஸும் பொறுமை இருந்தால் வந்துவிடும். ஆளைப் படுத்தி எடுப்பது முன் ஆக்ஸில், முன் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அச்சு. வண்டியின் எடையைத் தாங்கவேண்டும், சக்கரத்தைத் திருப்பவேண்டும், மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கவேண்டும். நாலு சக்கர டிரைவ் என்றால் சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும். இந்த நான்கு வேலையில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஒன்று மற்றொன்றின் காலை மிதிக்கும்.

1994ல் வந்த 8880 என்ற எண்ணுள்ள சூப்பர் கார் தொகுப்பில் நான்கு சக்கரமும் ஓட்டும், நான்கும் திரும்பும், நான்குக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். டெக்னிக் ரசிகர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் நியாயம்தான். ஆனால் அது பெரிய கார். அந்த வேலைக்கென்றே புதிதாக வார்த்த ஹப்களும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அதில் இருந்தன. நான் கட்ட நினைத்தது டேஷ்போர்டில் வைக்கிற அளவுக்குக் கொஞ்சம் பெரிதான ஒரு பிக்கப் டிரக். டயருக்கு வெளியே அளந்தால் மொத்த அகலம் 15 ஸ்டட். ஸ்டட் என்பது லெகோவின் அளவு, ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழ் வரை உள்ள தூரம். ஒரு ஸ்டட் 8 மில்லிமீட்டர், ஆக 120 மில்லிமீட்டர். அதற்குள் டிரைவ், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூன்றும் வரவேண்டும்.

முதலில் அகலக் கணக்கு. நான் எடுத்தது 62.4 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் அகலமும் உள்ள டயர். இரண்டு பக்கமும் சேர்த்து 5 ஸ்டட் போய்விடும். மீதி 10. டிஃபரன்ஷியல் என்பது இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி. அதைத் தாங்கும் சட்டத்துக்கு அகலம் 5. சட்டத்தின் உள்ளிடம் 3, இரு பக்கச் சுவருக்கு ஒவ்வொன்று. வளைந்தபடியே சுழற்சியைக் கடத்தும் யூனிவர்சல் ஜாயிண்ட் ஒன்றின் நீளம் 3 ஸ்டட். தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஜாயிண்ட் வேண்டும்: டிஃபரன்ஷியலை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒன்று, சக்கரம் திரும்பும் இடத்தில் ஒன்று. நான்கு ஜாயிண்டுக்கு 12, நடுவில் 5, மொத்தம் 17. இருப்பதோ 10. இந்தக் கூட்டலைப் போட்டவுடனேயே தனித்தனி சஸ்பென்ஷன் கதை முடிந்தது. இடுக்கி இடுக்கிச் சேர்த்தாலும் சக்கரத்தைத் தாங்கும் கைகளின் நீளம் ஒரு ஸ்டட், ஒன்றரை ஸ்டட் என்று ஆகிவிடும். அவ்வளவு குட்டைக் கை ஏறி இறங்கும்போது சக்கரம் மேலே போவதைவிட உள்ளே சாய்வதுதான் அதிகம்.

ஆக இரண்டு சக்கரமும் ஒரே கட்டையில். லாரியிலும் பழைய ஜீப்பிலும் இருக்கிற அதே முழு ஆக்ஸில். பக்கத்துக்கு ஒரு ஜாயிண்ட் போதும், அது கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு) இருக்கும் இடத்திலேயே உட்காரும். 5 கூட்டல் 6, மொத்தம் 11. ஒரே ஒரு ஸ்டட் மிஞ்சுகிறது, பக்கத்துக்கு அரை. குழியான பக்கம் உள்ளே பார்க்கும்படி ரிம்மைப் போட்டால் ஜாயிண்டின் வெளிமுனை அந்த அரை ஸ்டட்டை ரிம்முக்குள் நுழைத்துக்கொள்ளும். வெளிமுனை சக்கரத்தோடு சேர்ந்து திரும்புவது, அதனால் உள்ளே இருந்தாலும் எதிலும் இடிக்காது.

டிஃபரன்ஷியலே வேண்டாம் என்று ஒரு கட்சி உண்டு. நடுவில் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் ஒரு பெவல் கியரை மட்டும் வைத்தால் 3 ஸ்டட்டில் முடிந்துவிடும், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கும். கல்லிலும் மண்ணிலும் ஏறுகிற வண்டிக்குச் சரி. ஆனால் இரண்டு டயரின் நடுக்கோடுகளுக்கும் இடையே 100 மில்லிமீட்டர். வண்டி அரை மீட்டர் ஆரத்தில் திரும்பினால் வெளிச் சக்கரம் 550 ஆரத்திலும் உள்சக்கரம் 450 ஆரத்திலும் ஓடவேண்டும். அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் ஏற்காவிட்டால் டயர் தரையில் தேய்த்து ஏற்கவேண்டும். வீட்டு டைல்ஸ் தரையில் ரப்பர் கீச்சிடும், ஸ்டியரிங் மோட்டார் முக்கும். எனக்கு டிஃபரன்ஷியல் வேண்டும்.

இந்த இடத்தில் 3 ஸ்டட் ஜாயிண்டுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். பழைய டெக்னிக் ஜாயிண்ட் 4 ஸ்டட் நீளம். அதன் நடுப்புள்ளி இரண்டாவது ஸ்டட்டுக்கும் மூன்றாவதுக்கும் இடையே விழும், அங்கே ஓட்டை கிடையாது. கிங் பின்னின் அச்சுக்கோடு ஜாயிண்டின் நடுப்புள்ளி வழியாகப் போயே ஆகவேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் சக்கரத்தைத் திருப்பும்போது தண்டு நீளவோ குறுகவோ பார்க்கும், பிளாஸ்டிக் முறுகி நிற்கும். 3 ஸ்டட் ஜாயிண்டில் நடுப்புள்ளி சரியாக இரண்டாவது ஓட்டையின் நேரில் வருகிறது. மேலே ஒரு பின், கீழே ஒரு பின், நடுவில் ஜாயிண்ட். என் கணக்கில் கிங் பின்கள் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 4 ஸ்டட் தள்ளி வந்தன. முழு எண், அரைகுறை இல்லை. டெக்னிக்கில் இப்படி முழு எண் விழுந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, ஆக்ஸிலின் உள்ளே எல்லாம் அமர்ந்துவிட்டது. அதை வண்டியோடு எப்படிப் பிடிப்பது? சின்ன ஆக்ஸிலின் உண்மையான சிக்கல் இங்கேதான். அகலம் வெறும் கூட்டல் கழித்தல். எது எதன்மேல் அசைகிறது என்று தெளிவாகச் சொல்ல முடியாவிட்டால் உதிரிகளைக் குறைக்கவும் முடியாது.

எல்லோரும் முதலில் செய்வது டிராக்டர் முறை. டிராக்டரின் முன் ஆக்ஸில் நடுவில் ஒரே ஒரு முளையில் ஆடும். ஒரு சக்கரம் வரப்பில் ஏறினால் மற்றது இறங்கும். ஸ்பிரிங்கே கிடையாது. லெகோவில் இதை ஐந்து நிமிடத்தில் கட்டலாம். ஸ்டியரிங்குக்கு அந்த முளை வழியாகவே ஒரு தண்டை விட்டு, நுனியில் 8 பல் கியர் மாட்டி, ஆக்ஸில் மேலிருக்கும் ரேக்கை, அதாவது பல் வைத்த பட்டையை, இடமும் வலமும் தள்ளுவார்கள். பார்க்கச் சிக்கனம். ஆனால் கவனியுங்கள்: தண்டின் மறுமுனையை வண்டியிலிருக்கும் மோட்டார் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக்ஸில் 10 டிகிரி சாய்ந்தால், ஆக்ஸிலின் கண்ணுக்கு அந்தக் கியர் 10 டிகிரி சுற்றியதாகவே படும். 8 பல் கியரின் ஆரம் 4 மில்லிமீட்டர், ரேக் 0.7 மில்லிமீட்டர் நகரும். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கை 2 ஸ்டட் என்றால் சக்கரம் இரண்டரை டிகிரி தானாகத் திரும்பிவிடும். ஒரு கல்லில் ஏறினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், அடுத்த கல்லில் வலப்பக்கம். பொறுத்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலே போக இதில் வழியே இல்லை. அது சஸ்பென்ஷன் ஆகாது.

இதற்கு விடை யூனிமாக்கில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் வயல் வேலைக்காக வடிவமைத்த வண்டி அது. 1948ல் உற்பத்தி தொடங்கியது, 1951 முதல் டைம்லர்-பென்ஸ் காகெனாவ் தொழிற்சாலையில் செய்தது. டிராக்டர் மாதிரி உழவேண்டும், லாரி மாதிரி சாலையில் ஓடவேண்டும் என்றால் ஆக்ஸில் நிறைய ஆடவேண்டும், அதே சமயம் எங்கும் ஓடிப்போகக் கூடாது. அவர்கள் டிரைவ் தண்டை ஒரு கனமான குழலுக்குள் போட்டார்கள். குழலின் ஒரு முனை ஆக்ஸிலோடு அசையாமல் சேர்ந்தது. மறுமுனை ஒரு பெரிய பந்து. அது வண்டியின் நடுவிலுள்ள கிண்ணத்தில் உட்காரும். தண்டின் ஜாயிண்ட் அந்தப் பந்துக்கு உள்ளேயே இருக்கும். ஃபோர்டின் மாடல் டி காரிலும் பின்பக்கம் இப்படி ஒரு குழல் உண்டு, ஆகவே யோசனை அதைவிடப் பழையது.

2011ல் லெகோ 8110 யூனிமாக் யு400 தொகுப்பை வெளியிட்டபோது இந்தப் பந்தையும் கிண்ணத்தையும் தனி உதிரியாக வார்த்தது. 2048 துண்டுகள் உள்ள தொகுப்பு. எனக்கு அதில் மதிப்பு மிக்கது இந்த ஒரு ஜோடிதான். பந்தின் நடுவில் யூனிவர்சல் ஜாயிண்ட் நுழைய இடம் விட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வந்த 9398 கிராலரும் இதையே பயன்படுத்திக்கொண்டது.

ஏன் இவ்வளவு புகழ்கிறேன் என்றால், கணக்கு அப்படி. எந்தப் பொருளும் ஆறு விதமாக அசையலாம்: முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று நகர்வு, அந்தந்த அச்சில் மூன்று சுழற்சி. சஸ்பென்ஷனில் ஆக்ஸிலுக்கு நாம் விடவேண்டியவை இரண்டே: மேலும் கீழும் போவது, பக்கவாட்டில் சாய்வது. மீதி நான்கையும் கட்டிப்போடவேண்டும். பந்து ஒன்றே மூன்றைக் கட்டிவிடுகிறது, ஏனென்றால் அந்தப் புள்ளி எங்கும் நகராது. மிச்சம் ஒன்று. ஆக்ஸில் பந்தைச் சுற்றி இடமும் வலமும் வீசாமல் இருக்க, குறுக்கே ஒரு கம்பி: பனார்ட் ராடு. அதன் ஒரு முனை வண்டியில், மறுமுனை ஆக்ஸிலில். முடிந்தது. பந்து ஒன்று, கம்பி ஒன்று. நான்கு கம்பி வைத்துக் கட்டும் மாடல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: எதற்கு அவ்வளவு கம்பி, எதற்கு எட்டு பந்து முனை?

பந்திலிருந்து ஆக்ஸில் கோடு வரை நான் வைத்த தூரம் 7 ஸ்டட், 56 மில்லிமீட்டர். ஆக்ஸில் 8 மில்லிமீட்டர் ஏறினால் குழல் 8 டிகிரி சாயும், கூடவே கிங் பின்னும் 8 டிகிரி சாயும். நிஜக் காரில் இந்த அளவு மாறினால் ஓட்டுநருக்குக் கையில் தெரியும். பொம்மைக்கு இது பெரிய குறையில்லை. குழலை நீட்டினால் சாய்வு குறையும், ஆனால் நீளத்தில் சிக்கனம் போய்விடும். இங்கே நான் சிக்கனத்தின் பக்கம் சாய்ந்தேன்.

இனி ஸ்டியரிங். மோட்டாரை ஆக்ஸில் மேலேயே ஏற்றிவிட்டால் எந்தத் தொந்தரவும் இல்லை என்பது உண்மை. எல்லாம் ஒன்றாக ஆடும். ஆனால் சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் ஒரு பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு ஆக்ஸில் ஏறி இறங்கினால் ஸ்பிரிங் தாங்கவேண்டிய எடையைவிட ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை அதிகமாகிவிடும். போதாக்குறைக்கு அதற்கு மேலே வெற்றிடம் விடவேண்டும், பானெட் கோபுரமாகிவிடும். மோட்டார் வண்டியில்தான் இருக்கவேண்டும். அப்படியானால் அசையும் ஆக்ஸிலுக்கு அசையாத வண்டியிலிருந்து தள்ளலைக் கடத்தவேண்டும். அதற்கு ஒரு கம்பி, டிராக் லிங்க்.

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் முன்பக்கத்தில் குனிந்து பார்த்தால் பனார்ட் ராடும் டிராக் லிங்கும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் குறுக்கே போவது தெரியும். காரணம் உண்டு. ஒரு முனை நிலையாக இருக்கும் கம்பியின் மறுமுனை மேலே போனால் நேராகப் போகாது, வில்லாக வளைந்து போகும். வளையும்போது பக்கவாட்டில் கொஞ்சம் இழுக்கும். டிராக் லிங்க் மட்டும் இழுத்தால் சக்கரம் திரும்பிவிடும். பனார்ட் ராடும் அதே அளவு இழுத்தால் ஆக்ஸிலும் சேர்ந்து நகரும், சக்கரம் நேராகவே நிற்கும்.

லெகோவில் இதற்குக் கிடைத்திருக்கும் வசதி நிஜ எஞ்சினியருக்குக் கிடைக்காதது. இரு முனையிலும் குழி உள்ள 6 ஸ்டட் கம்பி என்று ஒரு உதிரி இருக்கிறது. குழிக்குக் குழி 5 ஸ்டட், 40 மில்லிமீட்டர். இரண்டு கம்பிக்கும் அதே உதிரியைப் போட்டால் நீளம் சமமா என்ற கேள்வியே எழாது. அச்சு இயந்திரம் நமக்காக அளந்து கொடுத்துவிட்டது. ஆக்ஸில் 8 மில்லிமீட்டர் ஏறும்போது 40 மில்லிமீட்டர் கம்பி 0.8 மில்லிமீட்டர் உள்ளே இழுக்கும். டிராக் லிங்க் மட்டும் இருந்தால் அது கிட்டத்தட்ட 3 டிகிரி திருப்பம். இரண்டும் இருந்தால் வண்டியே 0.8 மில்லிமீட்டர் ஒதுங்கும், அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

இதில் ஒரு நுணுக்கம். ஆக்ஸில் பந்தைச் சுற்றித்தான் எழுகிறது. ஆகவே பந்துக்கு அருகில் உள்ள புள்ளி குறைவாக ஏறும், தூரத்தில் உள்ளது அதிகமாக ஏறும். என் ஸ்டியரிங் கைகள் கிங் பின்னுக்கு 2 ஸ்டட் பின்னால், அதாவது பந்துக்கு நெருக்கமாக இருக்கின்றன. ஆக்ஸில் கோடு 8 ஏறும்போது கையின் நுனி 5.7தான் ஏறும். பனார்ட் ராடை ஆக்ஸில் கோட்டிலேயே மாட்டினால் அது 0.8 இழுக்கும், டிராக் லிங்க் 0.4தான் இழுக்கும், நேரில் நிற்கவேண்டிய சக்கரம் ஒன்றரை டிகிரி அளவுக்கு விலகும். பனார்ட் ராடையும் 2 ஸ்டட் பின்னுக்குத் தள்ளி, டிராக் லிங்க் இருக்கும் அதே குறுக்குக் கோட்டில் மாட்டினால் இரண்டும் ஒரே அளவு ஏறும், ஒரே அளவு இழுக்கும். ஒரு பின்னை இடம் மாற்றுவதுதான் வேலை. ஆனால் எங்கே மாற்றவேண்டும் என்பதற்கு மேலே சொன்ன கணக்கு தேவைப்படுகிறது.

இரண்டு ஸ்டியரிங் கைகளையும் இணைக்கும் டை ராடு சுலபம். கிங் பின்களுக்கிடையே 8 ஸ்டட் என்பதால் 9 ஓட்டை பீம் அப்படியே பொருந்தும். நடுவில் குழல் போவதால் அதற்கு மேலே தாண்டிப் போகவேண்டும்; கீழே போட்டால் முதல் கல்லிலேயே அடிவாங்கும். டிராக் லிங்க் இடக் கையின் நுனியிலிருந்து புறப்பட்டு 5 ஸ்டட் போனால் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு ஸ்டட்டில் முடிகிறது. வண்டியிலிருந்து தொங்கும் நெம்புகோலை அங்கே வைத்தேன்.

அந்த நெம்புகோலை எப்படி ஆட்டுவது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது. லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டார் வரிசையில் 2012ல் வந்த சர்வோ நடுவிலிருந்து பக்கத்துக்கு 90 டிகிரி சுற்றும், வேக ரிமோட்டில் பக்கத்துக்கு 7 படிகள். எனக்குச் சக்கரம் 30 டிகிரி திரும்பினால் போதும். கை 16 மில்லிமீட்டர், 30 டிகிரிக்கு நுனி 8 மில்லிமீட்டர் நகரவேண்டும். சர்வோவில் நேரடியாக 1 ஸ்டட் நெம்புகோல் மாட்டினால் 90 டிகிரியில் சரியாக 8 மில்லிமீட்டர். ஆஹா என்று தோன்றும். ஆனால் படிப்படியாகப் பாருங்கள். முதல் படியிலேயே சக்கரம் ஆறு டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். கடைசிப் படியில் ஒரு டிகிரிகூடத் திரும்பாது. நேராக ஓட்டும்போது மென்மையாக இருக்கவேண்டியது முரடாகவும், ஓரத்தில் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்கிற இடத்தில் மென்மையாகவும் இருக்கும். தலைகீழ்.

அதற்குப் பதில் சர்வோவில் 8 பல் கியர், அதோடு கடிக்கும் 24 பல் கியர். இரண்டின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே சரியாக 2 ஸ்டட், அதனால் பீமில் தானாக உட்காரும். 90 டிகிரி மூன்றில் ஒன்றாகி 30 ஆகிறது. இப்போது 24 பல் கியரின் தண்டில் 2 ஸ்டட் நெம்புகோல். நெம்புகோலும் 16 மில்லிமீட்டர், ஸ்டியரிங் கையும் 16 மில்லிமீட்டர். நெம்புகோல் எத்தனை டிகிரி ஆடுகிறதோ, சக்கரமும் அத்தனை டிகிரி. ஒவ்வொரு படிக்கும் நாலே கால் டிகிரி, நடுவிலும் ஓரத்திலும் ஒரே சீராக. முறுக்கு விசை மூன்று மடங்கு. சர்வோவின் உள் தொய்வு மூன்றில் ஒரு பங்கு. ரேக்கும் வேண்டாம், அதற்கான வழித்தடமும் வேண்டாம். ரேக்கை 8 பல் கியரால் ஓட்டினால் இதே சர்வோவில் 23 டிகிரிதான் கிடைக்கும். பெரிய கியர் போட்டால் உயரம் தின்னும். 2019க்குப் பிறகு வந்த மோட்டார்களில் கோணத்தை மோட்டாரே அளந்துகொள்ளும் என்பதால் ஆப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். செய்யலாம். கியரிலேயே முடிகிற வேலையை ஆப்புக்கு விடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

சிக்கனம் என்றால் ஆக்ஸிலின் அகலம் மட்டுமில்லை. டயர் திரும்பும்போது எவ்வளவு இடத்தைத் துழாவுகிறது என்பதும் சேர்த்திதான். கிங் பின் டயரின் நடுக்கோட்டிலேயே இருந்தால் டயர் நின்ற இடத்தில் திரும்பும். என்னுடையதில் இரண்டுக்கும் இடையே 18 மில்லிமீட்டர் இருக்கிறது, ஆகவே டயர் கீலில் ஆடும் கதவு மாதிரி வீசுகிறது. நேராக நிற்கும்போது ஆக்ஸில் கோட்டிலிருந்து முன்னால் 31 மில்லிமீட்டர் வரை இருக்கும் டயர், 30 டிகிரி திரும்பியதும் 41 மில்லிமீட்டர் வரை நீட்டும். மட்கார்டு வளைவை ஒரு ஸ்டட்டுக்கு மேல் பெரிதாக்கவேண்டியிருந்தது அதனால்தான். உட்புறமும் பார்க்கவேண்டும். முழுத் திருப்பத்தில் டயரின் உள்விளிம்பு வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 23 மில்லிமீட்டர் வரை வந்துவிடுகிறது. ஆகவே அந்த இடத்தில் சேஸிஸ் 5 ஸ்டட் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இதை முதலிலேயே காகிதத்தில் குறித்துக்கொள்வது நல்லது. சேஸிஸ் கட்டி முடித்த பிறகு ஒரு ஸ்டட் குறைப்பது என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் மாற்றுகிற வேலை.

18 மில்லிமீட்டருக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. ஒரு டயர் மட்டும் கல்லில் மோதினால் அந்த அடி 18 மில்லிமீட்டர் நெம்புகோல் வழியாக ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்க்கும். 24 பல் கியர் இருப்பதால் சர்வோ அதைத் தாங்கிக்கொள்கிறது.

அக்கர்மன் கோணம் பற்றிக் கேட்பவர்கள் இருப்பார்கள். மியூனிக்கைச் சேர்ந்த லாங்கன்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் கண்டுபிடித்ததற்கு அக்கர்மன் 1818ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். பெயர் அவருக்கே நின்றுவிட்டது. உள்சக்கரம் வெளிச் சக்கரத்தைவிட அதிகம் திரும்பவேண்டும் என்பதுதான் விஷயம். என் வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 22 ஸ்டட். உள்சக்கரம் 30 டிகிரி என்றால் வெளிச் சக்கரம் இருபத்தைந்தரை இருந்தால் போதும். அதற்கு ஸ்டியரிங் கைகளைப் பத்து டிகிரி உட்பக்கம் சாய்க்கவேண்டும். 2 ஸ்டட் கையை அரை ஸ்டட் உள்ளே தள்ளினால் 14 டிகிரி ஆகிவிடுகிறது. அதற்குக் குறைவாக லெகோவில் தள்ள முடியாது. கூடவே டை ராடு 9 ஓட்டை பீமாக இருக்கவும் முடியாது. விட்டுவிட்டேன். இரண்டு சக்கரமும் இணையாகத் திரும்புகின்றன, டயர் கொஞ்சம் தேய்கிறது, போகட்டும்.

ஸ்பிரிங்குக்கு 6.5 ஸ்டட் ஷாக் அப்சார்பர் இரண்டு. குழலின் மேல் பாதி தூரத்தில் மாட்டினால் உயரம் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் பாதி தூரத்தில் மாட்டும்போது சக்கரத்தில் உணரும் கடினம் பாதியாகக் குறையாது, கால்வாசியாகக் குறையும். தூரத்தின் விகிதம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. அதோடு இரண்டும் நடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் வண்டி பக்கவாட்டில் தள்ளாடும். சாய்வைத் தாங்கும் வலுவும் இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் மாறுகிறது. நடுவிலிருந்து ஒன்றரை ஸ்டட்டில் வைப்பதைவிட 3 ஸ்டட்டில் வைத்தால் நான்கு மடங்கு. ஆகவே ஆக்ஸிலுக்கு நேர் மேலே, பக்கத்துக்கு 3 ஸ்டட் தள்ளி, நிமிர்த்தி வைத்தேன். பிக்கப்பின் பானெட்டுக்குள் ஒளிந்துகொள்கின்றன.

பின்களின் நிறத்தைக் கவனியுங்கள். கருப்புப் பின்னிலும் நீலப் பின்னிலும் பிடிப்புக்காக வரிகள் உண்டு, அவை எங்கேயும் அசையக் கூடாத இடத்துக்கு. கிங் பின்னுக்கும் டை ராடுக்கும் சாம்பல் நிறப் பின்னோ மணல் நிறப் பின்னோதான் வேண்டும். கிங் பின்னில் கருப்பு இருந்தால் சர்வோவின் பாதி பலம் அந்த உராய்வுக்கே போய்விடும், சக்கரமும் நடுவுக்குத் திரும்பி வராது.

இந்த ஆக்ஸிலில் தீராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, யூனிவர்சல் ஜாயிண்ட் 30 டிகிரி வளைந்திருக்கும்போது சீராகச் சுற்றாது. ஒரு சுற்றில் இரண்டு முறை 15 சதவீதம் வேகமாகவும் இரண்டு முறை 13 சதவீதம் மெதுவாகவும் போகும். முழுத் திருப்பத்தில் மெல்ல ஓட்டினால் வண்டி விட்டு விட்டு இழுப்பது கண்ணுக்குத் தெரியும். இந்த அகலத்தில் அதற்கு மருந்தில்லை.

இரண்டாவது, டிரைவ் தண்டின் முறுக்கு. தண்டு ஆக்ஸிலைச் சுற்றப் பார்க்கும்போது ஆக்ஸிலும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். முன் ஆக்ஸில் மேல் அரைக் கிலோ எடை, அது 300 கிராம் விசையோடு இழுக்கிறது என்று வையுங்கள். 12 பல் கியரும் 28 பல் டிஃபரன்ஷியலும் என்றால் தண்டின் முறுக்கு ஒரு சக்கரத்திலிருந்து மற்றதுக்கு 40 கிராம் எடையைத் தள்ளிவிடும். 250, 250 என்று இருந்தது 290, 210 ஆகும். மேடேறும்போது எப்போதும் ஒரே பக்கச் சக்கரம் முதலில் வழுக்குவது இதனால்தான். ஆக்ஸிலைத் தாண்டி ஹப்பிலேயே மூன்றுக்கு ஒன்று கியர் குறைப்பு இருந்தால் தண்டு மூன்றில் ஒரு பங்கு முறுக்கோடு சுற்றினால் போதும், 40 கிராம் 13 ஆகிவிடும். யூனிமாக்கின் போர்ட்டல் ஹப், அதாவது ஆக்ஸிலுக்குக் கீழே சக்கரத்தை வைக்கும் கியர் ஹப், வண்டியின் அடிவயிற்றைத் தூக்கிப் பிடிக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தண்டையும் இளைப்பாற விடுகிறது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 2019ல் 42099 தொகுப்போடு வந்த கோள் கியர் ஹப் இன்னும் அதிகமாகக் குறைக்கிறது. ஆனால் இரண்டுமே என் 62 மில்லிமீட்டர் டயருக்குப் பெரியவை. 15 ஸ்டட்டிலிருந்து 19க்குப் போகத் தயாராக இருந்தால் தாராளமாகப் போடலாம்.

கட்டிப் பார்க்க நினைக்கிறவர்கள் டிஃபரன்ஷியல், சர்வோ எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பந்து, 7 ஸ்டட் குழல், ஒரு குறுக்குப் பீம், 6 ஸ்டட் கம்பி இரண்டு, ஸ்டியரிங் கை. இவ்வளவை மட்டும் ஒரு சட்டத்தில் மாட்டி, நெம்புகோலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலை மேலும் கீழும் அசையுங்கள். கை திரும்பினால் பனார்ட் ராடை ஒரு ஓட்டை முன்னே பின்னே மாற்றிப் பாருங்கள். அது அசையாமல் நின்ற பிறகு சக்கரங்களை மாட்டலாம்.